சூசம்மா அக்கா உடைத்த பல்

என் உசுருக்கு உசுரான சூசம்மா அக்காவுக்கு, உன் லூர்து சொல்லுவது. எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் பிலோமினாதான் எழுதுகிறாள். நடுநடுவே மூக்கைச் சிந்துகிறாள். காகிதம் நனைந்திருந்தால் என்னைத் திட்டாதே.

உன்னைக் குழியில் இறக்கிய அன்றைக்கே ஒரு சண்டை. சாமியார் ஜெபத்தை முடிக்கக்கூட இல்லை, பட்லர் வீட்டுக்காரி பின்னாலிருந்து, "கரண்டி திருடினவளுக்கு இத்தனை மெழுகுவத்தியா" என்று முணுமுணுத்தாள். பிலோமினா கையிலிருந்த மண்ணை அவள் முகத்தில் அடித்தாள். கொண்டையைப் பிடித்துக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தோம். உனக்கு அங்கே சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை.

ஏனென்றால் அந்தத் திருட்டுப் பேச்சு ஒக்கலிபுரம் வரைக்கும் போய்விட்டது. பிலோமினாவுக்குப் பேசி வைத்த பையன் வீடு அங்கேதானே. ரயில் ஷெட்டில் வேலை, நல்ல பையன், காது மட்டும் கொஞ்சம் பெரிசு. போன ஞாயிறு அவன் அம்மா வந்து உட்கார்ந்தாள். சீமைக்குப் போன இடத்தில் துரை வீட்டு வெள்ளிக் கரண்டியை எடுத்ததால்தான் உன்னைத் துரத்தினார்களாமே, அந்த வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று நேராகவே கேட்டாள்.

நீ இருக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். இனி உன்னை எந்தப் போலீஸ் வந்து பிடிக்கும்? சொல்லிவிட்டேன் அக்கா. முழுசாகச் சொல்லிவிட்டேன்.

துரை குடும்பத்தோடு சீமைக்குப் போன கப்பலில் இருந்தே ஆரம்பித்தேன். பெரிய பிள்ளைக்கு நீ ஆயா, கைக்குழந்தைக்கு நான். நான் வாந்தி எடுத்தே பாதி ஆளானேன். நீ மட்டும் கப்பல்காரனோடு சண்டை போட்டு எனக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாய். எந்தப் பாஷையில் சண்டை போட்டாய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்புறம் ரயில், மலை, அந்த ஏரிக்கரைப் பட்டணம். அதன் பேர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. சின்னப் பட்டணந்தான், ஆனால் ஏரி நம் அல்சூர் ஏரியை நாலஞ்சு தரம் விழுங்கிவிடும். பொழுது சாய்ந்தால் மரத்துக்கு மரம் கலர் விளக்கு. கரையில் பித்தளைக் குழல்காரர்கள் ஊத, ரொட்டி சுடுகிறவனும் துணி வெளுக்கிறவளும் கைகோத்து ஆடுவார்கள். துரைசானி ஒரு சாயங்காலம் பிள்ளைகளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நம்மை அனுப்பினாள்.

கரையில் ஒரு கடைக்காரி நமக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். நாம் பிறந்ததிலிருந்து யார் நமக்கு நாற்காலி போட்டார்கள்? சின்ன கிளாசில் சிவப்பு ஒயின் வேறு. ஒரு வாய் குடித்துவிட்டு நீ சொன்னாயே, "பூசையில சாமியார் மட்டும் குடிக்கிறது இதானா? அதான் அவருக்குப் பாட்டு வருது." நான் சிரித்த சிரிப்பில் மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்புறம் வெளுக்கிறவள் நம்மை இழுத்துக்கொண்டு போனாள். வெறுங்காலோடு, வெள்ளைச் சேலையோடு, அந்தக் கல் தரையில் ஆடினோம்.

துரை சீட்டாடுகிற இடத்திலிருந்து போதையில் வந்தார். கூட வந்தவர்கள் நம்மைக் காட்டிச் சிரித்தார்கள். முதல் அடி என் காதில் விழுந்தது. வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. அந்தக் காது அன்றைக்கு அடைத்ததுதான். இரண்டாவது அடியில் மேஜை மேல் விழுந்தேன், கிளாஸ் உடைந்து புருவம் கிழிந்தது. மூன்றாவதுக்குத் தடியைத் தூக்கினார். கீழே வரவில்லை. அதன் மறுமுனையை நீ பிடித்திருந்தாய்.

பிடுங்கினாய். முட்டியில் ஒன்று போட்டாய், மடங்கினார். வாயில் ஒன்று போட்டாய், பல் கல்லில் விழுந்து உருண்டது. உன் கழுத்தைப் பிடிக்க வந்த கையை நான் கடித்தேன், ரத்தம் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. துரையின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. குழல்காரர்கள் பாவம், நிறுத்தத் தோன்றாமல் ஊதிக்கொண்டே இருந்தார்கள். கடைக்காரி உன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். நீ மூச்சு வாங்கிக்கொண்டு, "விடு தாயி, இன்னும் ஒண்ணு பாக்கி" என்றாய்.

மறுநாள் துரைசானி கப்பல் டிக்கெட்டோடு வந்தாள். அவள் முதுகிலும் கையிலும் நீலம் பாரித்திருக்கும், நீதானே எண்ணெய் தடவுவாய். பெங்களூரில் கற்ற தமிழில், "எத்தனை பல்?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்றாய். "ஒண்ணுதானா" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரிப்பு அழுகையாக மாறுகிறவரை. அந்த ஒரு பல்லுக்காக அப்புறம் அவள் எவ்வளவு வாங்கினாளோ?

ஆயா கையால் அடிபட்டேன் என்று துரையால் வெளியே சொல்ல முடியுமா? கரண்டியைத் திருடினாய் என்று கண்டோன்மென்ட் முழுக்கச் சொல்லி வைத்தார். நான் கொதித்தேன். நீதான் என்னை அடக்கினாய். "திருடின்னா எனக்கு வேலைதான்டி போகும். அடிச்சோம்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் உள்ள போடுவான்." அதற்கப்புறம் ஒரு பங்களாவும் உனக்குக் கதவு திறக்கவில்லை. ஆஸ்பத்திரித் துணி துவைத்துத் துவைத்து உன் விரலெல்லாம் வெடித்தது. எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது.

பையனின் அம்மா இதையெல்லாம் கேட்டாள். பிறகு, "அந்த அடிக்கிற கை பொண்ணுக்கும் இருக்குமா?" என்றாள். பிலோமினாதான் கதவுப் பக்கமிருந்து சொன்னாள்: "அது உங்க பையன் கையைப் பொறுத்தது அத்தை."

அந்தம்மா எழுந்து போய்விட்டாள். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்கிறாள் உன் மகள். சொல்லும்போது வாசலைப் பார்க்கிறாள். நான் சொன்னது சரிதானா அக்கா? மழுப்பியிருக்கலாமோ?

இல்லை, மழுப்ப மாட்டேன். வருகிற வாரம் உன் முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, பட்லர் வீட்டுக்காரி உட்பட எல்லோரும் கேட்க இந்தக் கடிதத்தைப் பிலோமினாவை வாசிக்கச் சொல்வேன். ஒக்கலிபுரத்திலிருந்து ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாசிப்பாள். நீ போட்ட அடியில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன். யாராவது போலீசைக் கூப்பிட்டால், கையைக் கடித்தவள் நான்தான் என்று முன்னால் வந்து நிற்பேன்.

இது சத்தியம்.

உன் வயிற்றில் பிறக்காத உன் மூத்த மகள் மாதிரி இருந்த தங்கச்சி,
லூர்து