அந்தக் கல்லூரியில் சேரச் சொல்ல மாட்டேன்

22 அக்டோபர் 1951

காலையில் நல்ல மழை. ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டு இல்லை. பிள்ளைகள் நனைந்தபடி பள்ளிக்கு வந்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு.

மத்தியானம் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு வந்தார். நான் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பிரின்சிபல், மிஸ்டர் ஹியூபர்ட், நவம்பர் நாலாம் தேதி இந்தத் தோட்டத்துக்கு வருகிறாராம். அடுத்த வருடத்துக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டுமாம். "பழைய மாணவி நீங்கதானே டீச்சர். கல்லூரியப் பத்தி ரெண்டு வார்த்த நல்லதா பேசிடுங்க லா. நம்ம தோட்டத்துத் தொரையும் சொல்லிட்டாரு" என்றார்.

நல்லதா? எதை?

23 அக்டோபர்

நேற்று தூக்கமில்லை. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, கடைசிப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கல்லூரி விடுதிக்குப் போலீஸ் வந்தது. என் கூட்டாளி யூஜினியாவின் அண்ணன், அவசரகாலத்தில் தடை செய்த தொழிற்சங்கத்தில் இருந்தவர். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிக் கொண்டு போனார்கள். ஹியூபர்ட் வாசலில்தான் நின்றார். 'எங்கே கொண்டு போகிறீர்கள்' என்று ஒரு வார்த்தை? கேட்கவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினாரா? அதுவும் இல்லை. மறுநாள் காலை பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

நான் போய்க் கேட்டேன். "உன் பேரையும் அடிக்கணுமா முரியல்?" என்றார். அவ்வளவு சாந்தமாக!

எட்டு மாதம் உள்ளே வைத்திருந்து, வழக்கே போடாமல் விட்டார்கள். பரீட்சை எழுதுகிறேன் என்று யூஜினியா கல்லூரிக்குப் போனாள். கேட்டையே திறக்கவில்லை. அந்த மனுஷனுக்கு நான் மேடையேறி மாலை போடணுமா?

26 அக்டோபர்

வேலம்மா வந்தாள். ரப்பர் மரம் வெட்டுகிறவள், புருஷன் இல்லை. மகள் லெட்சுமி டவுன் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு இப்போது அம்மாவோடு மரத்துக்குப் போகிறாள். என் பள்ளியில் அவளைப் போல வாசிக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"டீச்சரம்மா, புள்ளைய அந்தக் காலேஜுல சேக்கலாமா?"

வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நீங்க அங்க படிச்சிட்டுத்தானே நாற்காலியில குந்தியிருக்கீங்க? எம்மக மட்டும் காலம்பூரா பால்வாளி தூக்கணுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை.

27 அக்டோபர்

பஸ்ஸில் கோலசிலாங்கூர் போனேன். புறப்படும்போதே தோட்டத்துக் கேட்டில் காவல்காரன் என் பையைக் கொட்டிப் பார்த்தான். யூஜினியாவுக்கென்று எடுத்துப் போன அரிசியைப் பிடுங்கிக்கொண்டான். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போனாலும் காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்டுகளுக்குத்தானாம்!

யூஜினியா மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் கடை போட்டிருக்கிறாள். பாசிர் பெனம்பாங் சீனப் பெண்கள் ஆற்றைக் கடந்து வந்து துணி கொடுக்கிறார்கள். எல்லாம் சொன்னேன். அவளும் ஹியூபர்ட்டைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"லெட்சுமிய போகச் சொல்லு" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா?"

"அங்க படிச்ச படிப்பு நல்ல படிப்பு முரியல். ஹியூபர்ட் வீட்டுச் சொத்தா அது?"

அவளோடும் சண்டை. ஊரடங்குக்கு முன் திரும்ப வேண்டியிருந்ததால் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். சண்டையைக்கூட முடிக்க விடமாட்டேன் என்கிறது இந்த அவசரகாலம்.

3 நவம்பர்

நாளை. என்ன பேசுவது?

4 நவம்பர்

பள்ளிக்கூடம் நிறைந்திருந்தது. ஹியூபர்ட் கல்லூரியை ஒரு குடும்பம் என்றார். உங்கள் மகள் எங்கள் மகள் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "முரியல் சொல்லட்டும்" என்றார்.

எழுந்தேன். "பாடம் நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க. லைப்ரரி பெருசு. ஆனா போலீஸ் வந்து ஒங்க புள்ளையக் கூட்டிட்டுப் போனா, யாரும் கூட வரமாட்டாங்க. மறுநாள் பேர அடிச்சிடுவாங்க. என் கூட்டாளி யூஜினியாவுக்கு அதான் நடந்துச்சு. அதனால, அங்க சேருங்கன்னு என் வாயால சொல்லமாட்டேன்."

முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரத் தொரைக்குத் தமிழ் புரியும். முகம் கறுத்தது. தங்கராஜு என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து வேலம்மா எழுந்தாள். "அய்யா, டீச்சரம்மா சொல்றது நெசமா?"

"அது சட்டம், அம்மா. நான் என்ன செய்ய முடியும்?" என்றார் ஹியூபர்ட்.

"சட்டத்த மாத்தச் சொல்லலீங்க. எம்புள்ளையக் கூட்டிட்டுப் போனா, நீங்க கூடப் போவீங்களா? இல்ல வாசல்லயே நிப்பீங்களா?"

ஹியூபர்ட் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். மேசையிலிருந்த விண்ணப்பத் தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

6 நவம்பர்

மாதக் கடைசியோடு நான் போகலாமாம். தொரை நேரில் சொல்லவில்லை; தங்கராஜு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போகிறேன். போகாமல் என்ன!

1 டிசம்பர்

யூஜினியாவோடு வந்துவிட்டேன். முன்னறையில் மீன்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பாதி நாள் மீன்தான் சம்பளம்.

5 ஜனவரி 1952

வேலம்மா லெட்சுமியைக் கல்லூரிக்குக் கூட்டிப் போகிற வழியில் இங்கே இறங்கினாள். என்ன சொன்னாலும் கேட்கவில்லை பார் என்று எனக்குச் சுருக்கென்றது.

"கோவிச்சுக்காதீங்க. எல்லாம் தெரிஞ்சுதான் அனுப்புறேன்" என்றாள்.

யூஜினியா லெட்சுமிக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல்!

13 ஏப்ரல்

லெட்சுமி விடுமுறைக்கு வந்தாள். போன மாதம் விடுதிக்குப் போலீஸ் வந்ததாம். ரவாங் பக்கத்துப் பெண் ஒருத்தியை ஏற்றினார்களாம்.

"பிரின்சிபல் ஓடியாந்து அவரும் ஜீப்புல ஏறிட்டாரு டீச்சர். போலீஸ்காரங்க எறங்கச் சொன்னாங்க, எறங்கவே இல்ல. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா திரும்பி வந்துட்டாங்க. அந்த அக்கா பரீட்சகூட எழுதிடுச்சு."

யூஜினியா தையல் மெஷினை நிறுத்தினாள். துணியை நீவிக்கொண்டே கேட்டாள்.

"பரீட்ச எழுதிடுச்சா?"

"எழுதிடுச்சுக்கா."

"அது போதும்" என்று மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

எனக்குப் போதவில்லை.