நான்கு எழுத்துகள்

அன்புள்ள மகனுக்கு,

குடவாசலில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவு தொடங்கியாயிற்று.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் போன பேச்சு இன்னும் திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கக் கும்பகோணத்திலிருந்து பூமிகா என்ற பெண் வருகிறாள். அப்பா இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர் என்று தெரிந்ததும் பிளாஸ்டிக் ஆங்கில எழுத்துகளைக் கொண்டுவந்தாள். நேற்று ஏ, டி, இ, ஆர் என்று நான்கைக் கலைத்துப் போட்டு, "வார்த்தை பண்ணுங்க சார்" என்றாள்.

அப்பா முதலில் 'ரீட்' என்று அடுக்கினார். "படி" என்று நான் அர்த்தம் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுத்துகளை மாற்றி 'டியர்' என்று வைத்தார்.

"விலை ஜாஸ்தின்னு அர்த்தமா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"டியர் சார்னு யாருக்காவது லெட்டர் எழுதணுமா?"

அதுவும் இல்லை. வாதம் தொடாத இடது கையால் என் கையைப் பிடித்து அந்த எழுத்துகளின்மேல் வைத்தார்.

"உங்களத்தாம்மா சொல்றாரு" என்றாள் பூமிகா. பேச முடிந்த காலத்தில் அவர் என்னை அப்படி அழைத்ததே இல்லை.

சனிக்கிழமை வந்து அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தாய். வா. உனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்கிறேன். அவர் துணிமணிகளை மட்டும் நான் பெட்டியில் எடுத்து வைக்கவில்லை.

இப்படிக்கு,
அம்மா