படகுக்குள் தண்ணீர் கட்டினேன்

என் கண்ணான மருமகளுக்கு,

நீ தொட்டிலில் கிடந்தபோதே, இவள் தனியாகப் பாய்மரப் படகேறி அந்தமான் போவாள் என்று சொன்னவன் நான்தான்.

நேற்று நாகப்பட்டினம் போய், கரையில் நிறுத்தியிருந்த உன் படகை நானே சோதித்தேன். பம்பை வைத்து உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் கட்டினேன்.

"ஐயா, இது படகுங்க, நாத்தங்கால் இல்ல" என்றார் படகு கட்டும் அந்தோணி.

"வரப்புல நண்டு வளையை நாங்க இப்படித்தான் கண்டுபிடிப்போம். தண்ணியே சொல்லும், நீங்க சும்மா இருங்க" என்றேன்.

ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. நாற்பது பேர் கூடிக் கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் பாடம் கேட்டார். வெள்ளிக்கிழமை நீ தாராளமாகக் கிளம்பலாம் என்று உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கசியவில்லை என்றது மட்டும் புளுகு, தாயே. சுக்கானுக்குக் கீழே கசிந்தது. உன் ஆசையைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. அதை அடைத்து முடிக்கும்வரை கிளம்பாதே.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்