மட் டயர் போட்ட ஜீப்

14 மே 2024, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது எங்கள் ஒக்லாந்து வீட்டு வாசலில் ஜீப் வழக்கத்தைவிட உயரமாக நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். நான்கு சக்கரத்திலும் புது டயர். சாதாரண டயர் இல்லை, பண்ணைக்காரரும் காட்டுப் பாதையில் ஓடுகிறவர்களும் போடும் மட் டயர். கட்டை கட்டையாக ரப்பர், நடுவே என் விரல் புதையும் பள்ளம்.

“என்னத்துக்கு உது?” என்று இவரிடம் கேட்டேன்.

“நல்ல டயர்.”

“நாங்கள் எங்கை சேத்துக்குள்ளை போறம்? த்ரீ கிங்ஸிலை இருந்து வேலைக்குப் போறம், கடைக்குப் போறம், கோயிலுக்குப் போறம்.”

“நல்ல டயர், சோபனா.”

அவ்வளவுதான் பதில். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தில் ஒன்று வாங்கவே கிழமைக்கணக்கில் விசாரிக்கிற மனுசன். வேலையில் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் வரைகிறவர், ஒரு கோடு பிசகினால் நித்திரை வராது. பழைய டயர்களில் இன்னும் பாதி உயிர் இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐம்பத்தாறு வயதில் வருகிற ஆசை என்று விட்டுவிடுவதா?

19 மே, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். மோட்டர்வேயில் வேகம் ஏற ஏற டயர் இரையத் தொடங்கியது. மா அரைக்கிற மில்லுக்குள் இருந்து கதைப்பதுபோல நான் கத்த வேண்டியிருந்தது. டாஷ்போர்டில் ஒரு நாணயம் கிலுங்கினாலே காரை நிறுத்தி எடுத்துப் போடுகிறவர், இன்று அந்த இரைச்சலுக்குத் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு வண்டி ஓடினார்.

திரும்பி வரும்போது சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது, நான் மட்டும்தான் கதைத்தேன்.

8 ஜூன், சனி

இவருக்குச் சொல்லாமல் மவுண்ட் ரொஸ்கிலில் உள்ள டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அவினேஷ், ஃபிஜியிலிருந்து வந்தவர். டயரைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டேன். ஓடிய டயரை எடுக்க மாட்டார்களாம். பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

“சிஸ்டர், நான் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இது சேற்றுக்கும் மணலுக்கும். மழையில் தார் ரோட்டைப் பிடிக்காது. பிரேக் போட்டால் தள்ளிப்போய்த்தான் நிற்கும். ஐஸில் இன்னும் மோசம். பெரிய டயர், ஸ்னோவுக்கு நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். புதுப் பனிக்குள் உழுதுகொண்டு போகும், சரி. ஆனால் ரோட்டில் இறுகிக் கிடக்கிற ஐஸைக் கவ்வாது.”

“அவர் என்ன சொன்னவர்?”

“சிரித்தார்.” கொஞ்சம் தயங்கினார். “கவுண்டரில் பிள்ளைகளுக்காக வைத்திருந்த லொலி எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டார். தப்பாக எடுக்காதீர்கள். ஏனோ சொல்ல வேண்டும்போல இருந்தது.”

இனிப்பென்றால் முகம் சுளிக்கிற ஆள். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் கொஞ்ச நாளாக வீட்டில் பிஸ்கட் நிற்பதில்லை, உண்மை.

20 ஜூன், வியாழன்

மழை. மவுண்ட் ஆல்பர்ட் சிக்னலில் பிரேக் போட்டும் ஜீப் வழுக்கிக்கொண்டு போய், முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் முட்டுகிறோம் என்ற இடத்தில் நின்றது. பச்சை விழுந்ததும் இவர் வழக்கம்போல ஓடத் தொடங்கினார்.

30 ஜூன், ஞாயிறு

எழுத வேண்டும். கை வரவில்லை.

மாவோரிப் புத்தாண்டான மத்தாரிக்கி விடுமுறைக்கு மகள் ராகவி வெலிங்டனிலிருந்து வந்திருந்தாள். பனி பார்க்க வேண்டும் என்றாள். ருவாபெஹு மலையடியில் அறை எடுத்துத் தங்கி, நேற்றுக் காலை மலை ரோட்டுக்குப் போனோம். கொஞ்சத் தூரம் ஏறியதும் வாகனங்களை மறித்து நின்ற பெண், மேலே ஐஸ், டயருக்குச் செயின் போடாமல் விட மாட்டோம் என்றாள். ராகவியை விடச் சின்னப் பிள்ளை. இவர் கண்ணாடியை இறக்கி, “என்னுடைய டயரைப் பார்த்தாயா? உனக்குக் கண் தெரியாதா?” என்று ஆங்கிலத்தில் கத்தினார். பிறகு சொன்ன சொல்லை நான் எழுத மாட்டேன். இத்தனை வருடத்தில் இவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளை விலகி நின்றது. நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். ராகவி பின்சீட்டில் குனிந்துகொண்டாள்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே வந்தார். வெயில் படாத ஒரு வளைவு. ரோட்டில் கறுப்பாக ஒரு மினுக்கம். “மெல்லப் போங்கோ, மெல்ல” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பின்பக்கம் சுழன்று, வரம்பில் ஏறி, சாய்ந்து நின்றது. எதிரே வாகனம் ஏதும் வந்திருந்தால்? அதை நினைக்கக் கூடாது.

ராகவியின் நெற்றி கண்ணாடியில் அடிபட்டு இரத்தம். நான் பின்னால் திரும்பி அவளைப் பிடித்துக்கொண்டு, “இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு இரத்தம் வருது!” என்று கத்துகிறேன். இவர் எஞ்சினை நிறுத்தினார். முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தார். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து உடைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

“அப்பா! லுக் அட் மீ, அப்பா!”

திரும்பிப் பார்த்தார். “வண்டிக்கு ஒண்டும் இல்லை,” என்றார். திரும்பவும் பிஸ்கட்.

அவள் சின்னதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் உரசினபோது, அவளோடு சேர்ந்து அழுத மனுசன் இது.

அங்கிருந்த ஒருவர் தன் வண்டியால் கட்டி இழுத்துவிட்டார். ஒக்லாந்து வரை நான்தான் ஓடினேன். டயர் இரைந்துகொண்டே வந்தது. இவர் பக்கத்தில் சுகமாக நித்திரை.

1 ஜூலை, திங்கள்

ராகவியை விமான நிலையத்தில் விட்டேன். நெற்றியில் சின்னக் கட்டு. வழி முழுக்க நான் டயரைத் திட்டிக்கொண்டு போனேன். அவினேஷிடம் சொல்லி வேறு போடுவேன், அந்த டயர்தான் எங்களைக் கொல்லப் பார்த்தது என்று.

இறங்கும்போது சொன்னாள்: “இட்ஸ் நொட் த டயர்ஸ், அம்மா. டயர் இல்லை. அப்பாதான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கொப்பாவைப் பற்றி அப்படிக் கதைக்காதை” என்றேன். கட்டிப்பிடிக்காமல் போனாள்.

17 ஜூலை, புதன்

இவருடைய மேலாளர் எனக்கு ஃபோன் எடுத்தார். நல்ல மனிதர், சொல்லச் சிரமப்பட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் போனால் யசீகரன் திரும்பி வருவதில்லையாம். வரைந்த படங்களில் பிழையாம். எச்சரித்தால் தோளைக் குலுக்குகிறாராம். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

பின்னேரம் கேட்டேன், “மத்தியானத்திலை எங்கை போறனீங்கள்?”

“முரிவாய் பீச்சுக்கு.”

“என்னத்துக்கு?”

“மணலிலை ஓட.” ஒளிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. கடைக்குப் போனேன் என்பதுபோல.

வெளியே போய்ப் பார்த்தேன். டயர்ப் பள்ளமெல்லாம் கறுப்பு மணல். பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ராகவிக்கு ஃபோன் எடுத்தேன். நான் அழ, அவள் “ஐ நோ, அம்மா. ஐ நோ” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

22 ஆகஸ்ட், வியாழன்

இவருடைய தலை ஸ்கேனைப் பார்த்த டொக்டர் விளக்கினார். மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறது. மறதி நோய்களில் இது ஒரு வகை, ஆனால் மறதி பிறகுதான் வருமாம். முதலில் குணம் மாறும். அடுத்தவர் நோவு உறைக்காது. இனிப்புத் தேடும். யோசிக்காமல் பொருள் வாங்குவார்கள்.

“அண்மையில் ஏதும் வித்தியாசமாக வாங்கினாரா?” என்று கேட்டார்.

நான் “டயர்” என்றேன்.

இவர் யன்னலால் கார் பார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி வாகனம் ஓடக் கூடாது என்று டொக்டர் சொன்னபோதும் திரும்பவில்லை.

மூளையில் வருத்தம் வந்த மனுசனோடு இவ்வளவு நாளும் டயருக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. இவருக்கு இடியப்பம் அவித்தேன். சீனி போட்டுச் சாப்பிட்டார்.

1 செப்டெம்பர், ஞாயிறு

ஜீப்பின் திறப்பு என்னிடம் இருக்கிறது. காலையிலிருந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. மழை தொடங்கியும் வரவில்லை.

“திறப்பைத் தாரும்.”

“டொக்டர் ஓட வேண்டாம் எண்டவர்.”

“திறப்பைத் தாரும், சோபனா.” கதவுப் பிடியை இழுத்துக்கொண்டே இருந்தார். கை சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குச் சாகலாம்போல இருந்தது.

கடைசியில், “நான் ஓடுறன், நீங்கள் பக்கத்திலை இருங்கோ” என்றேன். யோசித்தார். ஏறினார். மோட்டர்வேக்குப் போய், மனுரேவா வரை ஓடித் திரும்பினேன். இரைச்சல் எழும்பியதும் இவருடைய தோள் தளர்ந்தது, முகம் ஆறியது. சிவந்த கை மடியில் அப்படியே கிடந்தது.

இந்த இரைச்சலுக்கு இவருக்குள் ஏதோ அடங்குகிறது. இந்தக் கிழமை டயரை மாற்றச் சொல்ல இருந்தேன். இப்ப எப்பிடி மாத்துறது?

10 நவம்பர், ஞாயிறு

வேலையை அரைநாளாக்கிவிட்டேன். தினமும் பின்னேரம் ஒரு ஓட்டம். அதற்குப் பிறகுதான் சாப்பிடுவார், குளிப்பார்.

நானும் இந்த டயரோடு பழகிவிட்டேன். மழையில் முன்னால் போகிற காருக்கு மற்றவர்கள் விடும் இடைவெளியில் இரண்டு மடங்கு விடுகிறேன். அந்த இடைவெளிக்குள் யாராவது புகுந்தால் இன்னும் பின்வாங்குவேன். ரவுண்டபவுட்டில் தவழ்ந்து போவேன். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். சரளைக்கல் ரோட்டில் மட்டும் இந்த டயருக்கு ஒரு இராச நடை. பெற்றோல் குடிக்கிறது. பள்ளங்களில் கல் மாட்டி, அடியில் டக் டக் என்று அடிக்கும். அவினேஷ் காற்றுப் பார்க்கும்போது அந்தக் கற்களைக் கிண்டி எடுத்துவிடுவார். காசு வாங்க மாட்டார்.

“ஏன் இன்னும் மாற்றவில்லை, சிஸ்டர்?” என்று இன்று கேட்டார். சொன்னேன். இவர் பக்கத்துக் கதவைத் திறந்து, “ஹலோ மிஸ்டர் யசீ” என்று கை கொடுத்தார். இவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

16 மார்ச் 2025, ஞாயிறு

ராகவி ஒக்லாந்துக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

நெற்றித் தழும்பை மயிரால் மறைத்திருக்கிறாள். சோறு போட்டுக் கொடுத்தபோது இவர் கை நீட்டி அந்த மயிரை விலக்கிப் பார்த்தார். அவள் மூச்சுவிடாமல் இருந்தாள். பார்த்துவிட்டுச் சோற்றுக்குத் திரும்பினார்.

அவள் எழுந்து குளியலறைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

29 மே, வியாழன்

இன்று முழுக்க இவர் கதைத்த சொல் ஒன்றே ஒன்று. “மழை.”

12 ஜூலை, சனி

டயர்கள் தேய்ந்து கட்டைகள் ஏறியும் இறங்கியும் கிடந்தன. அவினேஷ் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இந்த மழைக்கு இனி இது ஆகாது என்றார். “அதே டயரா, சிஸ்டர்? ரோட்டு டயரா?”

நான் இவரைப் பார்த்தேன். “ரோட்டு டயர் போடுவம், அம்மா” என்று ராகவி என் தோளைத் தொட்டாள். ஓம் என்றேன்.

நான்கு டயரையும் கழற்றி உருட்டிக்கொண்டு போனார்கள். இவர் கண்ணாடிக்குப் பின்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நல்ல மழை. வேண்டுமென்றே மோட்டர்வேயால் வந்தேன். வேகம் ஏறியும் சத்தமே இல்லை. வைப்பர் அசைவதும் ராகவி பின்னால் மூச்சுவிடுவதும் கேட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது கேட்பார், கதவைப் பிடித்து இழுப்பார், எங்கே என்னுடைய டயர் என்று கத்துவார். கத்தினால் என்ன சொல்வது என்று வசனம் வசனமாக யோசித்து வைத்திருந்தேன்.

இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். “வித்தியாசம் தெரியுதோ, அப்பா?” என்று ராகவி மெல்லக் கேட்டாள். திரும்பவில்லை.

வாசலில் ஜீப்பை நிறுத்தினேன். வழுக்காமல் நின்றது. ராகவி இவரைப் பிடித்து இறக்கி உள்ளே கூட்டிப் போனாள். நான் கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளேயே இருந்தேன்.

இவர் என்னோடு சண்டை பிடித்திருக்கலாம்.