அம்மா தரையில் போட்ட அம்புக்குறிகள்

அன்பு மகள் குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், படி ஏறும்போது என் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ வேலைக்காக அவ்வளவு தூரம் போனதிலிருந்து அம்மா உன்னோடு பேசாமல் இருப்பது எனக்குத் தீராத கவலை. எப்போது சொன்னாலும், "போனவ அவ, அவளே வரட்டும்" என்று ஒரே பிடிவாதம். உனக்கும் அவள் குணம்தானே, நீயும் இறங்கி வரவில்லை.

இப்போது வீட்டில் நடக்கும் கூத்தைக் கேள். துறைமுகத்தில் இத்தனை வருஷம் கப்பலுக்குக் கயிறு கட்டிய அம்மா, இழுவைப் படகு ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு எழுதப்போகிறாள். அதில் வெக்டர் கணக்கு உண்டாம், எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று அம்பு போட்டுச் செய்வது. என் தையல் சாக்குக்கட்டியை எடுத்துக் கூடம் முழுக்க அம்புக்குறி போட்டுவிட்டாள், துணி வெட்ட எனக்கு இடமில்லை. இரண்டு படகு இரண்டு பக்கம் இழுத்தால் கப்பல் நடுவாக நகரும் என்பது அவள் தினமும் கண்ணால் பார்ப்பது, அதனால் கூட்டல் சட்டென்று பிடிபட்டது. எதை முதலில் கூட்டினாலும் விடை ஒன்றுதான் என்று காட்ட என்னை நடக்கவிட்டாள், முதலில் ஜன்னல் பக்கம் நாலடி பிறகு சுவர்ப் பக்கம் மூணடி, அடுத்த தடவை சுவர்ப் பக்கம் முதலில். இரண்டு தடவையும் தையல் மெஷினில்தான் போய் முட்டினேன்.

கழித்தலில்தான் மாட்டிக்கொண்டாள். அதையும் இஷ்டத்துக்கு மாற்றிப் போடலாம் என்று நினைத்து, வாசல் பக்கம்தான் கடல் என்று வைத்துக்கொண்டு, அங்கே போகவேண்டிய கப்பலை நேரே சமையலறைக்குள் விட்டாள். நான் சிரித்தேன், அவள் முறைத்தாள். ஆனால் விட்டாளா? வேலை முடிந்து வந்ததும் மறுபடி தரையில் உட்கார்ந்துவிடுவாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை குட்டி, இத்தனை வருஷம் கூட இருந்தும் இவளை முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது.

நேற்று இரண்டு புள்ளி வைத்தாள். ஒன்று நம் வீடு, ஒன்று உன் வீடு. இங்கிருந்து அங்கே ஒரு அம்பு, அங்கிருந்து இங்கே ஒரு அம்பு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "யாரு கிளம்பினாலும் தூரம் ஒண்ணுதாங்க, திசைதான் நேரெதிர்" என்றாள். பிறகு அங்கிருந்து வரும் அம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பரண்மேல் இருந்த பெரிய பெட்டியை இறக்கச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்வு முடிந்த கையோடு கிளம்பி வருகிறோம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று மனம் குளிர வாழவேண்டும். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே, விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பிவிடாமல் நீயே வந்து நில்.

உன் அம்மாவைப் பார்த்து இன்னும் வாய்பிளந்து நிற்கும்
அப்பா