உஷ்

மயிலாப்பூர்,
டிசம்பர் 1998, வியாழன்.

அன்புள்ள ஜானு அப்பாவுக்கு,

நமஸ்காரம். நான் சொன்ன ‘உஷ்’ நம் பெண்ணின் காதில் என்னவாக விழுந்திருக்கும்? காலையிலிருந்து யோசிக்கிறேன். தெரியவில்லை.

விடிந்ததும் பாங்காக்கிலிருந்து ஜானு பேசினாள். நாளை ஆசிய விளையாட்டில் அவளுடைய ஊஷு போட்டி. பயிற்சியில் வலது முழங்கால் திரும்பி வீங்கியிருக்கிறதாம். எதிராளியே இல்லாமல் தனியாக ஆடிக்காட்டும் சீனச் சண்டையில் எப்படி அடிபடும் என்று கேட்பீர்கள். காற்றில் எழும்பிச் சுழன்று ஒற்றைக் காலில் இறங்குவாளே, அதில்தான். அந்தக் குதிப்பை விட்டால் மார்க் இல்லை. ஊசி போட்டால் வலி தெரியாது, ஆனால் கால் தாங்குமா என்று சொல்ல முடியாது, முடிவு உன்னுடையது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “போட்டுக்கட்டுமாம்மா? நீ சொல்றதைக் கேக்கறேன்” என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் “உஷ், உஷ்” என்றேன். குழந்தையைத் தட்டிக்கொடுக்கும்போது சொல்வோமே, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “சரிம்மா” என்றாள். லைன் போய்விட்டது.

எதிர் ஃபிளாட் வெங்கடரமணன் மாமா அன்று கேட்டாரே, “ஊஷுவா? சீனாக்காரன் யாரை உஷ்னு அடக்கறான்?” என்று. அதிலிருந்து நம் வீட்டில் அந்த ஆட்டத்துக்கே உஷ் என்றுதானே பேர். “உஷ்ஷுக்குப் போயிட்டு வரேம்மா” என்றுதானே தினமும் சைக்கிளை எடுப்பாள். இன்று அவள் காதில் விழுந்தது அழாதே என்றா, ஆடு என்றா?

திரும்பக் கூப்பிட நம்பர் இல்லை. கோடம்பாக்கம் போய் அவளுடைய மாஸ்டர் பஞ்சாட்சரத்தைப் பார்த்தேன். “நான் இன்னா மேடம் சொல்றது? காலை நான் பாக்கலியே. வேணாம்னா கேக்குற பொண்ணா அது?” என்றார். கேட்பேன் என்றுதான் சொன்னாள்.

எனக்குக் கோயிலில் நம்பிக்கை போதாது என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தும் வரும் வழியில் கபாலி கோயில் வாசல் வரை போனேன். ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று வேண்டுவதா, போட்டுக்கொண்டு நல்லபடி இறங்க வேண்டும் என்று வேண்டுவதா? ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன். மாட வீதியில் கச்சேரிக்குப் போகிறவர்கள், “ஜானு மெடலோட வருவாளோல்லியோ?” என்றார்கள். தலையாட்டினேன்.

நீங்களோ நடுக்கடலில், எண்ணெய்க் கிணற்றில். கரைக்கு வந்துதான் இதைப் படிப்பீர்கள். தூர்தர்ஷனில் ஹாக்கியைக் காட்டுகிறான், கபடியைக் காட்டுகிறான். இதைக் காட்டப்போவதில்லை.

வெள்ளி, சாயங்காலம்.

நேற்றே தபாலில் சேர்த்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும்.

இப்போதுதான் ஜானு மறுபடி பேசினாள். ஊசி போட்டுக்கொண்டாள். குதித்தாள். இறங்கும்போது முழங்கால் மடிந்துவிட்டது. எழுந்து மீதியையும் ஆடி முடித்து, வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். கடைசி இடம். ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்கிறார்கள். திங்கட்கிழமை சக்கர நாற்காலியில் வந்து இறங்குகிறாள்.

“நீ உஷ்னு சொன்னியே, அதையே நெனச்சுண்டு குதிச்சேம்மா” என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது. அழாதே என்றுதான் சொன்னேன் என்று திருத்தாமல், காலை அசைக்காமல் வா என்றேன்.

கரைக்கு வந்ததும் அவளிடம் பேசுவீர்கள். கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளுங்கள். யாரைக் கேட்டுக் குதித்தாய் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீலக்ஷ்மி