மேல் ஏரிவரை

மார்ச் 4

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மலைப்பாதை வளைவுகளில் வக்கீல் என் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டான். பஸ்ஸில் யாரும் திட்டவில்லை. நாய்க்கு அந்தப் பெயரை வைத்தது அக்காதான். நாம் ஒரு வார்த்தை பேசினால் பதிலுக்குப் பத்து குரைப்பான்.

மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் ஏரி. பெரியது. பார்த்தேன், மூடிவிட்டேன்.

மார்ச் 5

மழை. தூங்கினேன்.

மார்ச் 6

ரயில் ஓட்டுநருக்கு இப்படி நடந்தால் விடுப்பு தருகிறார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு இது முதல் முறை. "உன் மேல தப்பே இல்லம்மா" என்று மேலதிகாரி சொன்னார். உதவி ஓட்டுநர் சொன்னார். போலீஸ்காரரும் சொன்னார். தெரியும். அந்த ஆள் தண்டவாளத்தில் ஏறி நின்றார். பிரேக் போட்டேன். அவ்வளவு கிட்டத்தில் வண்டி நிற்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வேறு. அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தேன், துணி மடித்தேன். ஒருவர் செத்துப்போயிருக்கிறார், நான் சட்டைக் காலரை நீவிக்கொண்டிருக்கிறேன். இது என்ன மாதிரி மனசு?

மார்ச் 8

"அந்த நாயையாவது வெளிய கூட்டிட்டுப் போடி, பாவம்" என்று அக்கா விரட்டிவிட்டாள்.

ஏரியின் இந்தப் பக்கம் தார்ச்சாலை, படகுத்துறை, கடைகள். படகுக்காரர் தொப்பியைத் தூக்கி, "படகு வேணுமாம்மா? நாய்க்கு டிக்கெட் இல்ல" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தப் பக்கம் பாதை இல்லை. ஆளுயர நாணல், கால் வைத்தால் புதைகிற சேறு. வக்கீல் நாணலுக்குள் புகுந்து மறைந்தான். அசையும் தட்டைகளைப் பார்த்தபடி பின்னால் போனேன். ஒரு ஓடை வந்து ஏரியில் சேர்கிறது. மேலே இன்னொரு சின்ன ஏரி இருப்பதாக அத்தான் சொல்லியிருந்தார். அதிலிருந்து வருகிற தண்ணீராக இருக்கும்.

அழகான இடம். அழகு என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

மார்ச் 9

ஓடையோரமாகப் பாதித் தூரம் ஏறினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், கணுக்காலில் அட்டை. செருப்பெல்லாம் ரத்தம்.

"இவ்ளோ ரத்தம் போயிருக்கு, எப்படிடி தெரியாம இருக்கும்?"

"எனக்கு இப்ப எதுவுமே தெரியறதில்லக்கா."

"அடிப் போடி. அட்டை கடிச்சா யாருக்குமே தெரியாது" என்று உப்பை எடுத்து வந்தாள்.

மார்ச் 11

ரயில்வே டாக்டர் போன் செய்தார். தூக்கம் எப்படி? நன்றாக இருக்கிறது. கெட்ட கனவு? இல்லை. பொய் சொல்லவில்லை. கனவுகூட வருவதில்லை.

மார்ச் 13

இன்று மேல் ஏரிவரை போனோம். பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போல இருக்கிறது. சுற்றி வரக் கொஞ்ச நேரம் போதும். வக்கீல் தண்ணீரில் முன்னங்காலை வைத்தான், குளிர்ந்ததும் எடுத்தான், தண்ணீரைப் பார்த்துக் குரைத்தான். எதிர்ப் பாறை திருப்பிக் குரைத்தது. விடுவானா? தொண்டை கட்டும்வரை வாதாடினான். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வரும்போதுதான்—

பெரிய ஏரியின் மதகுச் சுவர் மேல் ஒருவர் நின்றார். விளிம்பில். எனக்கு முதுகு காட்டி, கீழே தண்ணீரைப் பார்த்து. வேறு யாரும் இல்லை. கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரல. கால் நகரல. கடவுளே, இன்னொரு தடவை வேண்டாம், என்னால முடியாது—

வக்கீல் பாய்ந்து ஓடிக் குரைத்தான். அந்த ஆள் துள்ளித் திரும்பினார். படகுக்காரர்! ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏம்மா, ஒரு மனுசன் நிம்மதியா ஒண்ணுக்குக்கூடப் போகக் கூடாதா? நாயைப் புடிம்மா!"

சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். எப்போது அது அழுகையாக மாறியது என்று தெரியாது. வக்கீல் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தான். படகுக்காரர் கிட்ட வரவும் தெரியாமல், போகவும் தெரியாமல் தள்ளியே நின்றார்.

"இதுக்குப் போயா அழுவாங்க? விடும்மா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல."

மார்ச் 14

அக்காவிடம் சொன்னேன். டாக்டரிடம்கூடச் சொல்லாததை. தண்டவாளத்தில் நின்ற அந்த ஆள் கடைசியில் திரும்பினார். எஞ்சின் கண்ணாடிக்குள் இருந்த என்னைப் பார்த்தார்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்படிப் பார்த்தாரு?"

"சும்மா. வழி கேக்க வந்தவர் மாதிரி."

என் தப்பு இல்லை என்று அவள் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மதியச் சமையல் அப்படியே கிடந்தது. அத்தான் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார்.

மார்ச் 20

மேல் ஏரி. மூடுபனி. வக்கீலைத் தவிர எதுவும் தெரியவில்லை.

ஏப்ரல் 6

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. "மெயின் லைனில் ஓட்ட மாட்டேன்" என்று நானே சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை. பணிமனைக்குள் காலிப் பெட்டிகளைக் கழுவும் இடத்துக்கு இழுத்துப்போகும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கூட வேலை செய்தவர்களுக்கு வருத்தம். எனக்கு வருத்தமா? இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"கண்ணை மூடினா அந்த ஆளு தெரியுறாராடி?"

இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியுறாரு. இப்பல்லாம் தினமும்."



"நான் வரவா?"

"வா" என்றேன்.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். வீட்டில் ஒரு தலையணைதான் இருக்கிறது. கடை மூடுவதற்குள் போய் இன்னொன்று வாங்கி வர வேண்டும்.